மாட்டு வண்டியில் ஏறிய செயற்கைக்கோள்

1981-ல் நம் 'ஆப்பிள்' செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றிய படம் பத்திரிகையில் வந்தது. புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த நான், "சோற்றுக்கே திண்டாடும் நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிரித்தேன். இரும்பு வண்டி ஆன்டெனா சோதனைக்கு இடைஞ்சல் என்பதால்தான் மர வண்டி என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அவ்வருடம் ஜூன் 19-ல் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் ராக்கெட் அதைக் கொண்டுபோயிற்று. பள்ளியில் பிரெஞ்சு வரைபடத்தில் நான் விரல் வைத்துப் படித்த அதே கயானா!

2008-ல் சந்திரயான்-1 புறப்பட்டு, நிலவில் நீரின் தடயத்தைக் காட்டியது. குடியேற முதல் தேவை தண்ணீர்தானே? அதைப் பிரித்தால் மூச்சுக்கு ஆக்சிஜனும், ராக்கெட்டுக்கு எரிபொருளும் கிடைக்கும். பூமிக்கு ஒரு கேடு வந்தால் பேரப்பிள்ளைகள் ஒதுங்க இன்னொரு கூரை வேண்டும் நண்பர்களே. அன்று சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.