பேசாச் சிறுவன் கதையும் திருகோணமலையும்

துறைமுகத்தாற் புகழ்பெற்ற திருகோணமலைக்குத் தமிழ்க் கதைநூல் வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. இந்நகரினரான இன்னாசித்தம்பி இயற்றிய 'ஊசோன் பாலந்தை கதை' 1891ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1895இல் இவ்வூர்ச் சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' சென்னையில் அச்சேறிற்று. பின்னதைப் போற்றுவோர் பலர். முன்னதோ பெரும்பாலும் பெயரளவிற் கூறப்பட்டொழியும். ஆயினும், குழந்தையிடத்து மொழி எவ்வாறு விளைகின்றது என ஆராய்வார்க்கு முன்னதே பெருவிருந்தாம்.

ஊசோன், பாலந்தை என்பன ஓர்சன், வலன்ரைன் என்னும் ஐரோப்பியப் பெயர்களின் தமிழுருவங்கள். 1489இல் பிரான்சிய மொழியில் அச்சான அப்பழங்கதையில், காட்டிற் பிறந்த இரட்டையருள் ஒருவனைக் கரடி கவர்ந்து சென்று வளர்க்கின்றது. மற்றவன் அரசமனையில் வளர்கின்றான். வளர்ந்தபின் அவன் காட்டுச் சோதரனை வென்று அழைத்து வருகின்றான். வந்தவனுக்கு வலியுண்டு, அன்புண்டு. பேச்சு மட்டும் இல்லை. நாவின்கீழ் உள்ள நரம்பை அறுத்த பின்னரே அவன் வாய் திறக்கின்றான். இது புனைவென்பது வெளிப்படை. கரடியிடம் வளர்ந்தவனுக்குக் கதை சொல்லுவார் யார்? வினாவுவார் யார்? அவன் நாவைக் கட்டியிருந்தது அவ்வின்மையே.

இனி, தமிழிற் கதைநூல்கள் முதலில் யாருக்காக அச்சாயின என நோக்குதல் தகும். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் பாபிங்டன் 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் வந்தது. அவர் ஆசிரியராயிருந்த சென்னைக் கல்விச்சங்கமோ ஆங்கில அலுவலர்க்கு மொழி பயிற்றற்கென அமைந்தது. மொழி பயிலக் கதையே நல்வாயில் என்பதை அன்றே அறிந்திருந்தனர். எனினும், திண்ணையில் இருந்த நம் சிறார்க்குக் கிடைத்தவை மணலெழுத்தும், பொருள் விளங்காத நீதிநூல் மனனமுமே! நாவலர் பெருமானின் பாலபாடங்கள் எளிய உரைநடையைப் படிப்படியாகத் தந்தமை பெருநன்மை. குழந்தையின் விளையாட்டுள்ளத்தைத் தேடிச் செல்லும் முயற்சி அதன்பின்னும் நெடுங்காலம் தாழ்த்தது. 1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 'பிள்ளைப்பாட்டு' என்னும் தொகுப்பை வெளியிட்டது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் 'தாடியறுந்த வேடன்' போன்ற கதைப்பாடல்கள் சிறாரைச் சிரிக்கவும் திரும்பச் சொல்லவும் வைத்தன.

திரும்பச் சொல்லுதல் என்பதே ஈண்டு முதன்மையானது. 1988இல் வைற்ஹர்ஸ்ட் என்பாரும் துணைவரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை அளந்து காட்டிற்று. அதில் ஏறத்தாழ இரண்டு, மூன்று வயதுக்கு இடைப்பட்ட மழலையருக்குப் பெற்றோர் ஒரு திங்கள் படநூல் படித்தனர். வாளா படித்துச் சென்றாரின் குழந்தைகளைவிட, இடையிடையே வினவி விடையை வளர்த்தாரின் குழந்தைகள் பேச்சில் முந்தினர்.

திருகோணமலைக் கடற்கரையில் வளரும் பிள்ளை வள்ளமும் வலையும் அறிந்தே பள்ளிக்கு வருகின்றது. நூற்றமிழ் அதற்குப் புதிது. "பிள்ளையைக் கரடி என்ன செய்தது?" என வினவினால், "கொண்டு போட்டுது" என அது தன் வீட்டுத் தமிழில் விடை கூறும். பிழையென்று கடிந்தால் அடுத்த வினாவுக்கு அது வாய் திறவாது. "ஓம், கரடி பிள்ளையைக் காட்டுக்குக் கொண்டு போய்விட்டது" என ஆசிரியர் ஒரு சொல் கூட்டிச் சொல்லி, அடுத்த படத்தைக் காட்டுவாராக.