வலக்கைக்கு எழுபது, இடக்கைக்கு அறுபது

மாதம் 30 ரூபாய் சம்பளம் வாங்கும் கூலி ஒருவரின் வலக்கை முழங்கையோடு போனால் 882 ரூபாய். இடக்கையானால் 756. ஆளே செத்தால் 900. 1924-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ரங்கூனில் சட்டம் ஒப்புக்கொண்ட விலை இது. அன்றுதான் 1923-இல் நிறைவேறிய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்.

கணக்கு எளிது. முழு ஊனத்துக்கு 42 மாதச் சம்பளம், உச்சவரம்பு 3,500 ரூபாய். மரணத்துக்கு 30 மாதச் சம்பளம், உச்சவரம்பு 2,500. பகுதி ஊனமென்றால் சட்டத்தின் அட்டவணையைப் பார்க்க வேண்டும்: வலக்கைக்கு 70 சதவீதம், இடக்கைக்கு 60, முழங்காலுக்கு மேல் கால் போனால் 60, ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25, ஆள்காட்டி விரலுக்கு 10. வலக்கையை இழந்தவருக்கும் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் இடையே 18 ரூபாய்தான் வித்தியாசம் என்பதைப் படிக்கையில் மனம் கசக்கிறது. ஆனாலும் இது முன்னேற்றமே. அதற்கு முன்பு இறந்தவரின் குடும்பத்துக்கு இருந்த வழி 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம். சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, முதலாளியின் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டும். கப்பலேறி வந்த கூலியின் விதவை அதை எங்கே செய்வாள்?

புதிய சட்டம் முதலாளி தவறு செய்தாரா என்று கேட்கவில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்ததா என்று மட்டும் கேட்டது. விசாரிக்கத் தனிக் கமிஷனர். அவர் தீர்ப்பின் மேல் ஹைகோர்ட்டுக்கு அப்பீல்.

வக்கீல்களுக்கு வேலை இங்கேதான் தொடங்கியது.

1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் நான்கு லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் தெலுங்கர்கள் மிகுதி. தமிழர்கள், ஒடியர்கள் என்று பலரும் இந்த நகரத்தின் பாரத்தைச் சுமந்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு முதலாளியின் முகமே தெரியாது. தெரிந்தது மேஸ்திரியை. ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பவரும் அவர், கூலி பட்டுவாடா செய்பவரும் அவர். மூட்டை தூக்கும்போது பளுதூக்கியின் சங்கிலி அறுந்து கால் நசுங்கினால் யார் பொறுப்பு? ‘இவன் எங்கள் ஆளில்லை, மேஸ்திரியின் ஆள்’ என்பதுதான் கம்பெனிக்கு முதலில் கைகொடுக்கும் வாதம். சட்டம் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். தன் தொழிலுக்கான வேலையைக் காண்ட்ராக்டில் விட்டாலும் முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது 12-ஆம் பிரிவு.

அடுத்த வாதம், ‘தினக்கூலிதானே’ என்பது. அதுவும் முழுதாகச் செல்லாது. வேலை தற்காலிகமாக இருப்பதோடு, முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாததாகவும் இருந்தால்தான் சட்டம் ஒருவரை விலக்கியது. ஒரே நாள் வேலை செய்தாலும் கப்பல் சரக்கை இறக்கியவர் கப்பல் தொழிலின் தொழிலாளிதான். ஆனால் வேறொரு பொந்து இருந்தது. நீராவி, மின்சாரம் போன்ற விசை பயன்படும் துறையிலோ கிடங்கிலோ சரக்கு ஏற்றி இறக்குவோரையே 1923-இன் பட்டியல் சேர்த்தது. வெறும் தோளால் சுமந்த இடத்தில் தோள் முறிந்தால் வக்கீலுக்கு வாதாட இடமுண்டு.

முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எடுத்தவருக்காகப் பணம் கட்ட வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி என்பதால், முதலாளியின் வாதங்களெல்லாம் அதன் வக்கீலின் கைக்கு வந்தன. குடித்திருந்தான், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினான், இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றினான் என்ற மூன்றில் ஒன்றை நிரூபித்தால் நஷ்டஈடு இல்லை. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா முடியும்? 1933-இன் திருத்தம் மரண வழக்குகளில் இந்த மூன்று வாதங்களையும் எடுத்துவிட்டது. இந்தச் சட்டத்தின் வரலாற்றில் மிக மனிதத்தன்மையுள்ள திருத்தம் இதுவே எனலாம். முதலாளி திவாலானால் அவருக்கிருந்த காப்பீட்டு உரிமை தொழிலாளிக்கே மாறும் என்ற 14-ஆம் பிரிவும் அதற்கு இணையானது.

கைநாட்டு வாங்கிக்கொண்டு சொற்பத் தொகையில் முடித்துவிடுவதையும் சட்டம் கவனித்தது. சமரச ஒப்பந்தத்தைக் கமிஷனரிடம் பதிய வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். மரண நஷ்டஈட்டை அவரிடமே கட்ட வேண்டும். வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு.

வாரிசுகள் கடலுக்கு இக்கரையில் இருந்ததுதான் தீராத சிக்கல். விபத்து நடந்த இடத்தின் கமிஷனர்தான் விசாரிப்பார். கோரிக்கை வைக்க முதலில் இருந்த கெடு ஆறு மாதம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றாலும், ராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றில் கணவன் செத்த சேதியே தாமதமாகக் கிடைத்த பெண் அந்தக் காரணத்தை ரங்கூனில் யார் மூலம் சொல்வாள்? அவளிடம் வக்கீல் இல்லை, எதிர்த்தரப்பில் இருந்தார். ஒரு நாட்டில் கட்டிய நஷ்டஈட்டை இன்னொரு நாட்டிலுள்ள வாரிசுக்கு அனுப்ப 1935-இல் தனி விதிகள் வந்தன. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாகப் பிரிந்தபோது, தமிழ்நாட்டு விதவைக்கு ரங்கூன் வெளிநாடாகிவிட்டது.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். போர்க் காயத்துக்கு முதலாளிகள் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற தனிச் சட்டம் இந்தியாவில் 1943-இல் வந்தது; அதற்கு முந்தைய ஆண்டே ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிருந்தது.

பர்மாவில் 1963-இல் காப்பீட்டுத் தொழில் அரசுடைமையானது. 2013-இல்தான் தனியார் கம்பெனிகள் மறுபடி யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், பாலிசி விற்றன. 2012-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், அத்திட்டத்தில் சேராத தொழிலாளிக்கு அடிபட்டால் மியான்மர் வக்கீல்கள் புரட்டுவது, இடையிடையே திருத்தப்பட்ட அதே 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.