குதிரைக்கு மட்டுமா கொள்ளு?

மதுராந்தகம் அருகே கருங்குழி. 1781 ஜனவரியில், ஹைதர் அலி வசமிருந்த இந்த ஊர்க் கோட்டையை சர் அயர் கூட்டின் படை கைப்பற்றியது. அந்தக் காலத்தில் தீனி இல்லையென்றால் குதிரைப்படையே காலி! நம் பக்கத்தில் அந்தத் தீனி, கொள்ளு. ஆங்கிலேயர் அதற்கு 'ஹார்ஸ் கிராம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால், மானாவாரி நிலத்து ஏழை ஜனங்களுக்கு அதுதானே சாறு, துவையல் எல்லாம்? தென்னிந்தியாவில் சுமார் 4,000 வருடங்களுக்கு முன்பே, புதிய கற்காலத்தில், கொள்ளு விளைந்திருக்கிறது!

நீங்களும் செய்து பாருங்களேன். ராத்திரியே ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவிடுங்கள். பாதியை மசித்து, வெந்த நீரிலேயே தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்கவையுங்கள். பால், நெய் வேண்டாம். நல்லெண்ணெயில் கடுகு தாளித்தால் போதும். தைரியமாகக் குடியுங்கள், குதிரை கோபித்துக்கொள்ளாது!