உக்கிராணத்துவமும் கணக்கேடும்: காட்பரி நிறுவனமும் சாவோ தோமே கொக்கோவும் (1901–1909)

ஆய்வுச் சுருக்கம்

பர்மிங்காம் நகரின் காட்பரி குடும்பத்தினர் குவேக்கர் சபையைச் சார்ந்தவர்கள். கிறித்தவ விசுவாசத்தை வணிகத்திலிருந்து பிரித்துப் பாராதவர்கள் எனப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் வாங்கிய கொக்கோவில் பெரும்பங்கு அடிமை உழைப்பில் விளைந்தது என்ற செய்தி 1901 இல் அவர்களை எட்டியது. வாங்குவதை அவர்கள் நிறுத்தியதோ 1909 இல். இவ்வெட்டாண்டுத் தாமதத்தைப் போலித்தனம் என்றோ பொறுமை என்றோ கொள்ளாமல், நிறுவனத்தின் நற்பெயருக்கு ஊற்றாக இருந்த அதே சபைநெறியின் விளைவாகக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: குவேக்கர், காட்பரி, போர்ன்வில், சாவோ தோமே, ஒப்பந்தக் கூலி, உக்கிராணத்துவம்

சபையும் கடையும்

குவேக்கர் என்று பிறரால் அழைக்கப்பட்ட நண்பர்கள் சபை, பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றியது. குருமார் இல்லாத சபை அது. ஆணையிட்டுச் சத்தியம் செய்வதையும் ஆயுதம் ஏந்துவதையும் மறுத்த சபை. இம்மறுப்புகளுக்கு அதன் உறுப்பினர் கொடுத்த விலை பெரிது. ஆங்கிலத் திருச்சபையைச் சாராதோர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் 1871 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே முழுமையாகத் திறந்தன. அரசுப் பதவிகளும் படைப்பணியும் அவர்களுக்கு எட்டாதவையாகவோ ஏற்கத்தகாதவையாகவோ இருந்தன. எஞ்சியது வணிகம். பர்மிங்காமின் காட்பரி, பிரிஸ்டலின் ஃபிரை, யார்க்கின் ரவுன்ட்ரீ என மூன்று பெரும் சாக்லேட் நிறுவனங்களும் குவேக்கர் குடும்பங்களின் உடைமையாக இருந்தது தற்செயலன்று. மதுவிலக்கில் பற்றுடைய சபைக்குக் கொக்கோ பானம் மனச்சாட்சிக்கு உறுத்தாத சரக்காகவும் இருந்தது.

வணிகத்திற்குள் விசுவாசம் நுழைந்த விதமே இங்குக் கருதத்தக்கது. அது கடைச் சுவரில் மாட்டிய வசனமாக நுழையவில்லை, நடைமுறையாக நுழைந்தது. பேரம் பேசாமல் ஒரே விலை சொல்வது குவேக்கர் வழக்கம். ஒரு விலை சொல்லி வேறொரு விலைக்கு விற்பதை அவர்கள் பொய்யாகவே கருதினர். கடனைத் தீர்க்க இயலாது நொடித்துப் போனவரைச் சபை விசாரித்தது. குற்றம் உறுதியானால் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கவும் செய்தது. சபைக் கூட்டங்களில் வாக்கெடுப்பு இல்லை. மௌனமாகக் காத்திருந்து, ஒவ்வொருவர் சாட்சியத்தையும் கேட்டு, கூட்டத்தின் ஒருமித்த உணர்வை எழுத்தர் பதிவு செய்வார். ஒருமை கூடாவிடில் முடிவு தள்ளிவைக்கப்படும். கேள்விப்பட்டதைக் கொண்டு ஒருவரைக் குற்றம் சாட்டுதல் பெரும்பிழையாக எண்ணப்பட்டது. இக்கடைசி இரு வழக்கங்களும் பின்னர் வரவிருக்கும் நிகழ்ச்சிகளுக்குத் திறவுகோலாக அமைகின்றன.

போர்ன்வில்

ஜான் காட்பரி 1824 இல் பர்மிங்காமின் புல் தெருவில் தேயிலை, காப்பி, கொக்கோ விற்கும் கடையைத் தொடங்கினார். 1861 இல் அவருடைய மைந்தர் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றபோது தொழில் நலிந்து கிடந்தது. அக்காலக் கொக்கோவில் மாவுப்பொருள் கலப்பது பொதுவழக்கு. காட்பரியின் சரக்கும் அதற்கு விலக்கன்று. 1866 இல் டச்சு நாட்டுப் பிழிபொறியின் உதவியால் கொழுப்பை நீக்கி, கலப்பற்ற கொக்கோத் தூளை அவர்கள் விற்கத் தொடங்கினர். தூய்மையே விளம்பரமாயிற்று. 1870 களின் கலப்படத் தடைச் சட்டங்கள் அவ்விளம்பரத்திற்கு வலுச் சேர்த்தன. நேர்மை இலாபத்தை ஈட்டித் தந்த இக்காலத்தில் விசுவாசத்திற்கும் கணக்கேட்டிற்கும் இடையே பிணக்கு எதுவும் எழவில்லை.

1879 இல் தொழிற்சாலை நகரின் நெருக்கடியை விட்டுத் தெற்கே போர்ன்வில்லுக்குப் பெயர்ந்தது. அதனருகே 1895 முதல் ஜார்ஜ் காட்பரி தோட்டங்களுடன் கூடிய வீடுகளை எழுப்பினார். 1900 இல் 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். குடியிருப்பு முழுவதும் காட்பரித் தொழிலாளருக்கே என்று ஒதுக்கப்படவில்லை என்பது பலரும் கவனியாத செய்தி. அங்கு மதுக்கடைக்கு இடமில்லை. மணமான பெண்கள் வேலையைத் துறக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. தந்தைமை மனப்பான்மை இவற்றில் வெளிப்படை. ஆயினும் ஜார்ஜ் காட்பரி பல்லாண்டுகள் ஞாயிறுதோறும் விடியலில் எழுந்து நகரத்து முதியோர் பள்ளிக்குச் சென்று கற்பித்தவர். தொழிலாளரின் குடிசைகளை நேரில் கண்டவர். தம் செல்வத்தைக் கடவுள் ஒப்படைத்த பொருளாகவும் தம்மை அதன் உக்கிராணக்காரராகவும் அவர் கருதினார். போர்ன்வில் அக்கருத்தின் கட்டட வடிவம்.

விற்பனைப் பட்டியலில் மனிதர்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கினி வளைகுடாவில் உள்ள சாவோ தோமே, பிரின்சிப்பே தீவுகள் அப்போது போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தன. (சென்னையின் சாந்தோமுக்கும் இத்தீவுக்கும் போர்த்துக்கேயர் ஒரே அப்போஸ்தலர் தோமாவின் பெயரையே வழங்கினர்.) 1900 அளவில் காட்பரி வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழப் பாதி இத்தீவுகளிலிருந்து வந்தது. அடிமை முறை போர்த்துக்கேயச் சட்டத்தில் 1870 களிலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. அதனிடத்தில் வந்தது ஒப்பந்தக் கூலி முறை. அங்கோலாவின் உட்பகுதியில் பிடித்தும் விலைக்கு வாங்கியும் கொண்டுவரப்பட்டவர்கள், கரையில் ஓர் அதிகாரி முன்னிலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்கு இசைந்ததாக எழுதப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். ஐந்தாண்டு முடிந்ததும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அங்கோலாவுக்குத் திரும்பியவர் என்று சுட்டத்தக்கவர் அநேகமாக எவருமில்லை.

ரிச்சர்டின் மகன் வில்லியம் காட்பரி 1901 இல் டிரினிடாட் சென்றிருந்தபோது இதனைக் கேள்விப்பட்டார். அதே ஆண்டில் சாவோ தோமேத் தோட்டம் ஒன்றின் விற்பனைப் பட்டியல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. கால்நடை, கருவிகளுடன் 200 கறுப்பினத் தொழிலாளரும் விலை மதிப்பிடப்பட்ட உடைமையாக அதில் இடம்பெற்றிருந்தனர். மனிதருக்கு விலை எழுதிய ஓர் ஆவணம், அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்ற சபையினரின் மேசையில் கிடந்தது. வேறெந்தச் சான்று வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

எட்டு ஆண்டுகள்

1903 இல் வில்லியம் லிஸ்பன் சென்று தோட்ட உரிமையாளரையும் பிரிட்டானியத் தூதரையும் சந்தித்தார். புதிய சட்டம் குறைகளைத் தீர்க்கும் என்றும், ஐயமிருப்பின் நேரில் வந்து காணலாம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. காட்பரி, ஃபிரை, ரவுன்ட்ரீ, ஜெர்மனியின் ஸ்டோல்வெர்க் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஜோசப் பர்ட் என்ற குவேக்கரை அனுப்ப முடிவு செய்தன. அவர் முதலில் போர்த்துக்கேய மொழியைக் கற்றார். 1905 நடுவில்தான் கப்பலேறினார். தீவுகளில் பல மாதங்கள் தங்கிய அவருக்கு, ஒழுங்குடன் நடத்தப்பட்ட தோட்டங்கள் தொடக்கத்தில் முழுக் கண்டனத்திற்குரியனவாகத் தோன்றவில்லை. அங்கோலாவின் உட்பகுதிக்குச் சென்று ஆள்பிடிக்கும் வழிகளைக் கண்ட பின்னரே அவர் கருத்து உறுதிப்பட்டது. 1907 இல் திரும்பி அறிக்கை அளித்தார்.

இதற்கிடையில் ஹென்றி நெவின்சன் என்ற இதழாளர், ஓர் அமெரிக்க மாத இதழின் சார்பில் 1904–05 இல் அதே வழியில் பயணம் செய்து, கண்டதை அடிமைமுறை என்றே எழுதினார். 1906 இல் அது நூலாகவும் வந்தது. ஓர் இதழாளர் ஓராண்டில் எட்டிய முடிவை எட்டச் சபையினருக்கு ஆறாண்டுகள் தேவைப்பட்டன.

பர்ட்டின் அறிக்கையும் உடனே வெளிவரவில்லை. பிரிட்டானிய வெளியுறவு அலுவலகம் சொற்களைத் தணிக்கக் கேட்டது. முதலில் லிஸ்பனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்படியும் அறிவுறுத்தியது. அவ்வலுவலகத்தின் தயக்கத்திற்குக் காரணம் தென்னாப்பிரிக்காவில் இருந்தது. டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்கள் போர்த்துக்கேய மொசாம்பிக்கிலிருந்து வந்த கூலிகளை நம்பியிருந்தன. லிஸ்பனைப் பகைத்துக்கொள்ள இலண்டன் விரும்பவில்லை. கொக்கோவை வாங்கும்வரை தோட்டக்காரரிடம் தம் சொல் செல்லும், நிறுத்தினால் செல்வாக்கும் போய்விடும் என்று நிறுவனமும் வாதிட்டது. 1908 பிப்ரவரியில் போர்த்துக்கேய மன்னர் கொல்லப்பட்டதும் சீர்திருத்த வாக்குறுதிகள் மேலும் பின்தங்கின. அறிக்கை அச்சில் வந்தது 1908 இன் பிற்பகுதியில். கொக்கோவோ இவ்வாண்டுகள் முழுவதும் போர்ன்வில்லுக்கு வந்துகொண்டிருந்தது.

லோவெல் சாட்ரே (2005), கேத்தரின் ஹிக்ஸ் (2012) ஆகியோர் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளனர். இலாபமா மனச்சாட்சியா என்ற கேள்வியே இப்பொருள் பற்றிய எழுத்துகளில் மிகுதியும் எழுப்பப்படுகிறது. இலாபம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. மாற்றுக் கொக்கோ போதிய தரத்திலும் அளவிலும் கிடைத்தல் அரிதாக இருந்தது. எனினும் நிறுவனம் நடந்துகொண்ட முறையைச் சபைக்கூட்டத்தின் முறையோடு ஒப்பிட்டால் ஒற்றுமை தெளிவாகும். கேள்விப்பட்டதை ஏற்காமை, நேரடிச் சாட்சியை நாடுதல், குற்றம் சாட்டப்பட்டவரிடமே முதலில் பேசுதல், அவருக்குத் திருந்த அவகாசம் தருதல், தனித்து முடிவெடாமல் பிற நிறுவனங்களின் ஒருமையை எதிர்நோக்குதல் ஆகிய ஒவ்வொன்றும் குவேக்கர் ஒழுங்கு. ஒரே ஊரில் வாழும் இரு சகோதரரிடையே எழும் வழக்கைத் தீர்க்க வகுக்கப்பட்ட ஒழுங்கு அது. அங்குக் குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே அறையில் அமர்ந்திருப்பர். லிஸ்பன் அறைகளில் தோட்டக்காரர் இருந்தனர், தூதர் இருந்தார், வணிகர் இருந்தார். ஒப்பந்தக் கூலி அங்கு இல்லை. காத்திருப்பின் விலையைச் செலுத்தியவர் அவர்.

பர்மிங்காம் நீதிமன்றத்தில்

இலண்டனின் பழைமைவாத நாளேடான ஸ்டாண்டர்டு, 1908 செப்டம்பரில் ஒரு தலையங்கம் தீட்டியது. தொழிலாளர் நலம் பேசும் காட்பரி நிறுவனம் ஆப்பிரிக்க அடிமைகளைப் பற்றி வாளாவிருக்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு. அரசியல் உள்நோக்கம் அதில் இருந்தது. ஜார்ஜ் காட்பரியின் உடைமையான டெய்லி நியூஸ், தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் நடத்தப்பட்ட விதத்தை அடிமைமுறை என்று சாடி, 1906 தேர்தலில் பழைமைவாதிகளின் தோல்விக்குத் துணைநின்ற ஏடு. நோக்கம் எதுவாயினும் கேள்வி நியாயமானது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. வழக்கு நிலுவையில் இருக்கையில் வில்லியம் தாமே தீவுகளுக்கும் அங்கோலாவுக்கும் சென்று திரும்பினார். 1909 மார்ச்சில் காட்பரியும் ஃபிரையும் ரவுன்ட்ரீயும் தீவுக் கொக்கோவை வாங்குவதில்லை என அறிவித்தன; ஸ்டோல்வெர்க்கும் உடன்பட்டது.

1909 இறுதியில் வழக்கு பர்மிங்காமில் விசாரணைக்கு வந்தது. நிறுவனத்திற்காக ரூஃபஸ் ஐசக்ஸும் ஏட்டிற்காக எட்வர்ட் கார்சனும் வாதாடினர். வெளியுறவு அலுவலகத்தின் அறிவுரைப்படி நடந்ததே தாமதத்திற்குக் காரணம் என்று வாதி தரப்பு நிறுவ முயன்றது. கார்சனோ கணக்கேட்டையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். உண்மை தெரிந்த 1901 முதல் தீவுக் கொக்கோவுக்காக நிறுவனம் செலுத்திய தொகை ஏறத்தாழ 13 இலட்சம் பவுண்டு என்பது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. அக்கொக்கோவை விளைவிக்கையில் மாண்டவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டதுண்டா என அவர் வினவியபோது, வில்லியமிடம் இல்லை என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

சான்றாயர் அவதூறு நிகழ்ந்தது என்று தீர்ப்பளித்தனர். அவர்கள் விதித்த இழப்பீடு ஒரு ஃபார்திங். ஒரு பென்னியில் நான்கில் ஒரு பங்கு. வழக்குச் செலவை ஏடு ஏற்க நேர்ந்தது.

காட்பரி தன் கொள்முதலைக் கோல்டு கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு மாற்றியது. அங்குச் சிறு உழவர்கள் தம் நிலத்தில் கொக்கோ பயிரிட்டு வந்தனர். 1911 அளவில் அந்நாடு உலகக் கொக்கோ விளைச்சலில் முதலிடம் பெற்றது. அமெரிக்க நிறுவனங்கள் புறக்கணிப்பில் சேரவில்லை. சாவோ தோமேத் தோட்டங்களின் கொக்கோ வேறு துறைமுகங்களுக்குச் சென்றது.