மின்தொடரைக் காக்கும் கலை

விளக்குப் பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் வருகிறது. அதற்காகப் பல மின்சார நிலையங்கள் பல நூறு மைல் நீளமுள்ள கம்பிகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை யாவரும் அறிவர். ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் மற்றோரிடம் கைகொடுக்கும். ஆனால், கைகொடுக்க வந்ததும் சேர்ந்து விழுந்தால் என்ன ஆவது?

1965 நவம்பர் 9 மாலை அதுவே நிகழ்ந்தது. கனடாவில் நயாகரா ஆற்றங்கரையிலுள்ள ஆடம் பெக் மின்சார நிலையத்திலிருந்து வடக்கே சென்ற ஐந்து மின்தொடர்களுள் ஒன்றைக் காப்புக் கருவி துண்டித்தது. அக்கருவி பழுதுபடவில்லை, முன்னரே குறித்து வைத்த அளவைச் சுமை தாண்டியதால் தன் வேலையைச் செய்தது. அந்தச் சுமை மற்ற நான்கின்மீது ஏறவே, அவையும் சில வினாடிகளில் துண்டிக்கப்பட்டன. நியூயார்க் நகர் உட்பட 80,000 சதுர மைல் பரப்பில் சுமார் 3 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர்.

இத்தகைய விபத்தை முன்கூட்டியே காணும் வழியை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் தோமாஸ் டை லியாக்கோ. பிலிப்பைன்ஸில் பிறந்த இவர், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகர மின்சாரக் கம்பெனியில் பொறியாளராக இருந்தார். 1967-ல் இவர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, மின்தொடரின் வாழ்வை இயல்பு நிலை, நெருக்கடி நிலை, மீட்பு நிலை என மூன்றாக வகுத்தது. அதைவிட முக்கியமானது இவர் எழுப்பிய கேள்வி. எல்லாம் சரியாக இருக்கும் வேளையிலேயே, "அடுத்து ஏதேனும் ஒன்று அறுந்தால் எஞ்சியவை தாங்குமா?" என்று கணிப்பொறி ஓயாது சோதிக்க வேண்டும், தாங்காதெனில், அறுவதற்கு முன்பே சுமையை மாற்றியமைக்க வேண்டும் என்றார். நோய் வருமுன் காக்கும் வைத்தியம் போன்றது இது. இன்று உலகெங்குமுள்ள மின்சாரக் கட்டுப்பாட்டு நிலையங்கள் இம்முறையைத் தழுவியே இயங்குகின்றன.

எனினும், 2003 ஆகஸ்டு 14 அன்று 5 கோடி மக்களை வாட்டிய பெரும் இருட்டு அதே ஓஹாயோவின் வடபகுதியில்தான் தொடங்கியது. டை லியாக்கோ பணியாற்றிய கம்பெனி அப்போது வேறொரு பெரிய நிறுவனத்தில் இணைந்திருந்தது. அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு நிலையத்தில் அபாய அறிவிப்பு தரும் கணிப்பொறி பிற்பகல் 2 மணிக்குப் பின் செயலிழந்தது. பணியில் இருந்தோர் அதை உணரவில்லை. வெப்பத்தால் தொய்ந்த உயர் அழுத்தக் கம்பிகள், வெட்டாமல் விட்ட மரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக உரசித் துண்டித்துக்கொண்டன. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு, நிலைமையை அறியாதிருந்ததையும் மரங்களை வெட்டாததையும் முக்கிய காரணங்களாகக் கூறியது.

டை லியாக்கோவின் முறையில் குறையில்லை. கம்பிகளின் உண்மை நிலை கணிப்பொறிக்கும், கணிப்பொறியின் முடிவு காவலில் இருப்பவனுக்கும் எட்டினால்தான் அது பயன் தரும். ஆகவே, பேரறிஞரின் ஆராய்ச்சியோடு, கம்பியடியில் மரக்கிளை கழிக்கும் தொழிலாளியின் உழைப்பும் நாட்டின் வெளிச்சத்தைக் காக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.