‘வந்து பேசினார்கள்’: சட்டம் கேட்கும் வினைச்சொல் எது?

கொங்குப் பகுதியின் வன்கொடுமைப் புகார்களில் அடிக்கடி எதிர்ப்படும் தொடர் ஒன்று உண்டு: ‘ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினார்கள்.’ என்ன பேசினார்கள், அந்தப் பேச்சுக்குப் பின்னால் எந்த அதிகாரம் நின்றது என்பதை இத்தொடர் மறைத்துவிடுகிறது. சட்டமோ அதைத்தான் கேட்கிறது. ஒருவரின் முடிவை மாற்றும் செயலுக்கு ஆங்கிலச் சட்டமொழியில் பல பெயர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் விளைவும் வேறு.

‘பெர்சுவேஷன்’ என்பது காரணங்களைச் சொல்லி இணங்கவைத்தல். மறுக்கும் உரிமை கேட்பவரிடமே இருப்பதால் அது குற்றமன்று. ‘இன்ஃப்ளுயன்ஸ்’ எனப்படும் செல்வாக்கும் தன்னளவில் குற்றமன்று. ‘அன்ட்யூ’ என்ற அடைமொழி சேர்ந்து ‘முறையற்ற செல்வாக்கு’ ஆகும்போதுதான் சட்டம் தலையிடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 16இன்படி, மற்றவரின் விருப்பத்தை அடக்கியாளும் நிலையில் இருப்பவர் அந்நிலையைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் பெறுவதே அது. வாய்திறந்து மிரட்டியிருக்கத் தேவையில்லை. தோட்டத்து உரிமையாளரின் திண்ணையில் கைநாட்டு வைக்கும் பண்ணையாளின் நிலை இதுவே. ஒப்பந்தம் மனச்சான்றுக்கு ஒவ்வாததாகத் தோன்றினால், முறையாகவே பெற்றேன் என மெய்ப்பிக்கும் சுமை ஆதிக்க நிலையில் இருப்பவர்மீது விழும். நம் வழக்கறிஞர்களே இப்பிரிவைப் போதிய அளவு எடுத்தாள்வதில்லை என்பது என் எண்ணம்.

‘இன்டிமிடேஷன்’ மிரட்டல். உடலுக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ தீங்கு செய்வதாக அச்சுறுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 351இன் கீழும், பொய்ச்சாட்சி சொல்ல மிரட்டுவது பிரிவு 232இன் கீழும் வரும்.

‘இன்டியூஸ்மென்ட்’ ஆசைகாட்டுதல். நம் நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் இதற்கு நல்ல சான்று. திருமணத்துக்கு மொத்தத் தொகை என்ற ஆசையில் தொடங்கும்; இடையில் வெளியேறினால் அத்தொகை இல்லை என்றாகும்போது அதுவே ‘கம்பல்ஷன்’, அதாவது நிர்ப்பந்தம். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், வறுமையின் நெருக்கடியும் அரசமைப்புப் பிரிவு 23 தடைசெய்யும் கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் கூறியதை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15ஏ மிரட்டல், வற்புறுத்தல், ஆசைகாட்டுதல், வன்முறை ஆகியவற்றைத் தனித்தனியே பெயரிட்டு, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காப்பது அரசின் கடமை என்கிறது. கோகுல்ராஜ் வழக்கு நினைவிருக்கும். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் அவருடன் இருந்த முக்கிய சாட்சி பின்னர் பிறழ்ந்தார். கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு வழக்கைத் தாங்கியது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைத் தண்டித்தது. எல்லா ஊரிலும் கேமரா இருப்பதில்லை. பிறழ்ந்த சாட்சியைக் கேள்வி கேட்பது எளிது. பிறழ்வு எப்படி நேர்ந்தது என்று விசாரிப்பதுதான் அரிது.

ராஜிப் பத்திரத்துக்கும் இது பொருந்தும். ராம்அவதார் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம், சமரசத்தில் நிர்ப்பந்தத்தின் சாயல் சிறிது தென்பட்டாலும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நிவாரணம் இல்லை என்றது. அந்தச் சாயல் நீதிபதியின் கண்ணில் பட வேண்டுமானால் அது முன்பே தாளில் இருக்க வேண்டும். எனவே ‘பேசினார்கள்’ என்று எழுதாதீர்கள். வந்தவர் கூலி தருபவரா, கடன் கொடுத்தவரா, எத்தனை பேர், எந்த நேரம், சொன்ன சொல் என்ன என்று எழுதுங்கள். மறுத்த பின் வேலையும் கடைச்சாமானும் நின்றிருந்தால் அந்தத் தேதியையும் சேருங்கள். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு 2016 ஜனவரி 26 முதல் தனிக் குற்றம்.