பழனி பாதயாத்திரையும் சென்றடையும் நாளும்: சேர்வராயன் மலையடிவார மரபு

சேலம் மாவட்டத்தில் ஏற்காட்டைத் தன்னகத்தே கொண்ட சேர்வராயன் மலைத்தொடரில் தோன்றும் சரபங்கா ஆறு, ஓமலூர், எடப்பாடி பகுதிகள் வழியாகப் பாய்ந்து காவிரியில் கலக்கிறது. இந்த ஆற்றின் கரையில் உள்ள எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலச் சமூகத்தினர் ஆண்டுதோறும் காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்கின்றனர். பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் பெரும்பாலானோர் தைப்பூசத்தன்றோ அதற்கு முன்போ சென்றுசேர முயல்வார்கள். எடப்பாடி காவடிக் குழுவினர் தைப்பூசத் தேரோட்டம் முடிந்து சில நாட்கள் கழித்தே மலையேறுகின்றனர். நீண்ட நடைப்பயணத்தின் முடிவில் எந்த நாளில் சென்றுசேர்வது என்பதை விண்மீன், நிலவு, அறுவடை, கோயிலின் கொள்ளளவு, பிற குழுக்களின் முறை ஆகிய அனைத்தும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பதற்கு இம்மரபு சான்றாக உள்ளது.

நாளைத் தீர்மானிக்கும் விண்மீன்

தைப்பூசம் என்பது தை மாதத்தில் பூச விண்மீன் கூடும் நாள். தை மாதத்தில் சூரியன் மகர ராசியில் இருக்கும். அதற்கு நேர் எதிரே உள்ளது கடக ராசி. நிலவு கடகத்தில் இருக்கும்போது சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் நிற்பதால் முழுநிலவாகத் தெரியும். பூச விண்மீன் கடக ராசியில் அமைந்திருப்பதால் தைப்பூசமும் தைப் பௌர்ணமியும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாட்களிலோ வருகின்றன.

நிலவு 27 விண்மீன்களைக் கடந்து மீண்டும் அதே விண்மீனுக்கு வர ஏறத்தாழ 27.3 நாட்கள் ஆகும். ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவுக்கு 29.5 நாட்கள் ஆகும். ஆகவே தைப்பூசம் ஆங்கில நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு தேதியில் வருகிறது. 2022-இல் ஜனவரி 18, 2023-இல் பிப்ரவரி 5, 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11 ஆகிய நாட்களில் தைப்பூசம் வந்தது.

நடந்து செல்பவர்களுக்கு இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. புறப்படும் நாளை முதலில் குறித்துவிட்டு, சேரும் நாளைப் பிறகு பார்த்துக்கொள்ள முடியாது. சேரும் நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, வழியில் தங்க வேண்டிய இரவுகளை எண்ணி, புறப்படும் நாளைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். காலில் கொப்புளம், காய்ச்சல், மழை போன்ற தடைகளுக்காக ஓரிரு நாட்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. கணக்கு தவறினால் விரதம் இருந்து நடந்தவர் தேரோட்டத்தைக் காண முடியாமல் போகலாம். முன்கூட்டியே சேர்ந்துவிட்டால் பழனியில் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கூடுதல் செலவாகும்.

அறுவடையும் நிலவும்

தை மாதம் பாதயாத்திரைக்கு ஏற்றதாக அமைந்ததற்கு வேளாண் வாழ்க்கையும் காரணம். சம்பா நெல் அறுவடை முடிந்து கையில் பணமும் வீட்டில் தானியமும் இருக்கும் காலம் அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஆறுகளைக் கடப்பது எளிதாகியிருக்கும். கோடை வெயில் தொடங்கியிருக்காது.

நிலவொளியும் முக்கியமானது. சாலை விளக்குகள் இல்லாத காலத்தில் பகல் வெயிலைத் தவிர்த்து இரவிலும் விடியற்காலையிலும் நடப்பதற்கு நிலவு வேண்டும். பூசத்தன்று சென்றுசேர ஏழெட்டு நாட்களுக்கு முன் புறப்படும் குழுவுக்கு வளர்பிறை நிலவு மாலையிலேயே வானில் இருக்கும். நாள் செல்லச் செல்ல ஒளி மிகும். கடைசி இரவுகள் முழு வெளிச்சத்தில் அமையும். முழுநிலவுக்குப் பிறகு நிலவு ஒவ்வோர் இரவும் சராசரியாக 50 நிமிடங்கள் தாமதமாக உதிக்கும். எனவே பூசம் கழித்துச் சேரும் குழுவுக்கு மாலை நடையைவிட விடியற்காலை நடையே பொருத்தமாக இருக்கும்.

பங்குனி உத்திரத்தின்போது நிலை வேறு. அப்போது கோடை தொடங்கிவிடும். அந்த விழாவுக்கு ஈரோடு மாவட்டத்தின் கொடுமுடியிலிருந்து காவிரி நீரைத் தீர்த்தக் காவடிகளில் சுமந்து பக்தர்கள் பழனிக்கு வருகின்றனர். வெயில் காலத்தில் முருகனின் திருமேனியைக் குளிர்விப்பது இதன் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. ஒரே கோயிலுக்கு இரண்டு பருவங்களில் இரண்டு வகைக் காவடிகள் செல்வதில் பருவமே வேறுபாட்டை உருவாக்குகிறது.

பழனியின் பத்து நாட்கள்

பழனியில் தைப்பூசம் ஒருநாள் விழா அன்று. நகருக்குள் உள்ள பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேற்றத்துடன் தொடங்கிப் பத்து நாட்கள் நடக்கிறது. ஆறாம் நாளில் திருக்கல்யாணமும் ஏழாம் நாளான தைப்பூசத்தன்று தேரோட்டமும் பத்தாம் நாளில் தெப்பத்தேரும் நடைபெறுகின்றன.

தேரோட்ட நாளில் கூட்டம் உச்சத்தை எட்டுகிறது. மலைக்கோயிலின் பிரகாரம் குறுகியது. மேலே செல்ல யானைப்பாதை, படிப்பாதை, இழுவை ரயில், ரோப்கார் ஆகியவை இருந்தாலும் சந்நிதியின் முன் நிற்கக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. எல்லோரும் ஒரே நாளில் மலையேற முயன்றால் பல நாட்கள் நடந்து வந்தவருக்கு மூலவரின் முன் சில நொடிகளே கிடைக்கும். பல மரபுக் குழுக்கள் தங்களுக்கெனத் தனி நாளை வைத்துக்கொண்டதன் பயனை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

நகரத்தார் காவடி

செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கின்றனர். இம்மரபு 400 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று அச்சமூகத்தினர் கூறுகின்றனர். இவர்கள் தைப்பூசத்தை ஒட்டிப் பழனி வந்து சேர்ந்தாலும் மக நட்சத்திரத்தன்று காவடி செலுத்துவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். பூசத்துக்கு அடுத்தது ஆயில்யம், அதற்கு அடுத்தது மகம். ஆகவே தேரோட்டத்தைக் கண்ட பின் இரண்டு நாட்கள் கழித்துக் காவடி செலுத்தப்படுகிறது.

இம்முறையில் ஊர் வந்து சேரும் நாளும் நேர்த்திக்கடன் நிறைவேறும் நாளும் வெவ்வேறாக உள்ளன. நடை முடிந்த பிறகும் விரதம் தொடர்கிறது. நடையில் பின்தங்கியவர்கள் குழுவோடு வந்து சேர்ந்துகொள்ளவும் இந்த இடைவெளி உதவுகிறது.

எடப்பாடி காவடி

எடப்பாடி பருவதராஜகுலத்தாரின் காவடி மரபு 350 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று சொல்லப்படுகிறது. எடப்பாடியிலிருந்து பழனி நேர்க்கோட்டில் அளந்தாலே 120 கி.மீ.க்கு மேல் தொலைவு. நடக்கும் வழி அதைவிட நீளமானது. காவிரியைக் கடந்து, கொங்கு நாட்டின் காங்கேயம், தாராபுரம் பகுதிகள் வழியாக இவர்கள் பழனியை அடைகின்றனர். ஆயிரக்கணக்கானோர் குழுக்களாக நடக்கின்றனர்.

பழனி மலைக்கோயிலில் இரவு பூசை முடிந்து நடை சாத்தப்பட்ட பின் பக்தர்கள் எவரும் மலையில் தங்க அனுமதிக்கப்படுவதில்லை. எடப்பாடி காவடிக் குழுவினருக்கு மட்டும் ஆண்டில் ஓர் இரவு மலைமீது தங்கும் மரபுரிமை உள்ளது. அவர்கள் காவடிகளுடன் மலையேறி வழிபட்டு, அன்றிரவு அங்கேயே தங்குகின்றனர். வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் ஆகியவற்றைக் கொண்டு டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரிக்கின்றனர். முருகனுக்குப் படைத்த பின் அது குழுவினருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு ஊருக்கும் எடுத்துச் செல்லப்படுகிறது.

தைப்பூச நாளில் இந்த வழக்கத்தை நடைமுறைப்படுத்த முடியாது. லட்சக்கணக்கானோர் திரளும் நாளில் மலையுச்சியை ஒரே குழுவிடம் ஓர் இரவு விட்டுக்கொடுக்க இயலாது. பெரும் அளவில் பழம் பிசையவும் பாத்திரங்களை வைக்கவும் இடமும் இருக்காது. தேரோட்டம் காணும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கும் குழு, அதற்கு ஈடாக வேறு யாருக்கும் கிடைக்காத ஓர் இரவைப் பெறுகிறது. தாமதமாகச் சேர்வது இங்கு குறையாகக் கருதப்படுவதில்லை. அதுவே அந்தச் சமூகத்தின் அடையாளமாகவும் உரிமையாகவும் உள்ளது.

மலையில் சேர்வராயன் விழா

எடப்பாடியினர் சமவெளியில் தெற்கு நோக்கி நடக்கும் தை மாதம், சேர்வராயன் மலையில் காப்பி அறுவடைக் காலம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பழம் பறிக்கும் வேலை கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் நடக்கிறது. தோட்ட வேலையை நம்பியிருப்பவர்களுக்குப் பல நாள் நடைக்கு இது எளிதான காலம் அன்று.

மலையின் சொந்தத் திருவிழா மே மாதத்தில் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், மலையுச்சியில் உள்ள குகையில் சேர்வராயனும் காவேரி அம்மனும் வழிபடப்படுகின்றனர். இந்தக் குகை காவிரி ஆற்றோடு தொடர்புடையது என்பது மக்களின் நம்பிக்கை. ஏற்காட்டுச் சுற்றுவட்டார மலைக்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் விழாவுக்குத் திரண்டு வருகின்றனர். இங்கு மலையாளி என்ற சொல் மலையில் வாழ்பவர் என்ற பொருள் கொண்டது. காப்பி அறுவடை முடிந்து, தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அமையும் இடைவெளியில் இவ்விழா நடக்கிறது. சமவெளியில் தை எந்த வசதியைத் தருகிறதோ அதையே மலையில் மே மாதம் தருகிறது.

கூட்டமும் ஆபத்தும்

எல்லோரும் ஒரே நேரத்தில் சேர விரும்பும்போது உயிராபத்தும் ஏற்படுகிறது. சபரிமலையில் மகரவிளக்கு நாளில் பந்தளத்திலிருந்து இரண்டு நாட்களுக்கு முன் கால்நடையாகப் புறப்படும் திருவாபரண ஊர்வலம் மாலையில் சந்நிதானத்தை அடைகிறது. அதையடுத்துப் பொன்னம்பலமேட்டில் விளக்கு தெரியும். அந்தச் சில நிமிடங்களுக்காக லட்சக்கணக்கானோர் காத்திருப்பார்கள். 1999 ஜனவரி 14 அன்று பம்பையில் ஏற்பட்ட நெரிசலில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில் ஏற்பட்ட நெரிசலில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டும் மகரவிளக்கு நாளில் நிகழ்ந்தவை. பிற்காலத்தில் சபரிமலையில் இணையவழி முன்பதிவு மூலம் வருகை நேரத்தைப் பகிர்ந்தளிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. எடப்பாடியினரும் நகரத்தாரும் மரபின் வழியாகப் பின்பற்றும் நாள் பகிர்வை அங்கு நிர்வாகம் கணினியின் வழியாகச் செய்கிறது.

பிற இடங்களில்

மகாராட்டிரத்தில் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கும் தேகுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் பயணித்துப் பண்டரிபுரத்தை அடைகின்றன. சேரும் நாள் ஆடி ஏகாதசியை ஒட்டி உறுதியாகக் குறிக்கப்பட்டுள்ளது. முந்தைய நாள் பல்லக்குகள் அருகிலுள்ள வாகரியில் சந்தித்துக்கொண்டு பின்னர் நகருக்குள் நுழைகின்றன. கூட்ட மிகுதியால் கருவறைக்குள் செல்ல முடியாத பலர் கோயிலின் கலசத்தைக் கண்டு வணங்கித் திரும்புவார்கள்.

இலங்கையில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரையின் இறுதிப் பகுதி குமண, யால காடுகளின் வழியே செல்கிறது. காட்டுவழி குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படுவதால் நடப்பவர்கள் அதற்கேற்பத் தங்கள் நாட்களை அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஹஜ் பயணத்தில் நாள் மிகக் கண்டிப்பானது. துல்ஹஜ் 9-ஆம் நாள் அரஃபாத்தில் தங்குவது கட்டாயம். மறுநாள் விடியலுக்குள் அங்கு சேராதவருக்கு அந்த ஆண்டின் ஹஜ் நிறைவேறாது. ஸ்பெயினின் சந்தியாகோ நடைப்பயணத்தில் எந்த நாளிலும் சென்றுசேரலாம். எனினும் புனித யாக்கோபு திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டாகக் கருதப்படுவதால் அந்த ஆண்டுகளில் கூட்டம் பெருகுகிறது.

அண்மைக்கால மாற்றங்கள்

2021-இல் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி தைப்பூசத்தைத் தமிழ்நாட்டில் அரசுப் பொது விடுமுறையாக அறிவித்தார். இதனால் அலுவலகம் செல்வோரும் மாணவர்களும் பூச நாளன்றே பழனியை அடையத் திட்டமிடுவது எளிதாயிற்று.

2022-இல் கொரோனா பரவலால் ஜனவரி 14 முதல் 18 வரை தமிழ்நாட்டின் வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டு தைப்பூசம் ஜனவரி 18 அன்று வந்ததால் பூச நாளைக் குறிவைத்து நடந்தவர்களுக்குச் சந்நிதியில் வழிபடும் வாய்ப்பு இல்லாமல் போயிற்று. நடையின் பயன் முழுவதையும் ஒரே நாளில் வைப்பதில் உள்ள இடரை அது காட்டியது.

பஞ்சாங்கம் ஒரு நாளை உயர்த்திச் சொன்னாலும், பழனிக்கு நடக்கும் சமூகங்கள் அதைச் சுற்றியுள்ள நாட்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டுள்ளன. பூசத்தில் சேர்பவர் தேரைக் காண்கிறார். மகம் வரை காத்திருக்கும் நகரத்தார் குழுவாகக் காவடி செலுத்துகின்றனர். எல்லோரும் இறங்கிச் சென்ற பின் ஏறும் எடப்பாடியினர் மலையில் ஓர் இரவு தங்கிப் பஞ்சாமிர்தத்துடன் ஊர் திரும்புகின்றனர்.